முதுகின் உரிமை

கைவசமுள்ள ஒன்றைக் கொடுத்து அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்றை வாங்குவதில் ஒழுக்கம் சார்ந்த கேள்வி எதுவும் இருப்பதாக நாம் பொதுவாகக் கருதுவதில்லை. பழைய தையல் இயந்திரத்தைக் கொடுத்துப் புதியதை வாங்கும் தையற்காரரிடம் எவரும் விளக்கம் கேட்பதில்லை. இல்லாத ஒருவர் ஆடம்பரப் பொருளொன்றை முதன்முதலாக வாங்கும்போதுதான் ஊர் பேசுகிறது. வைத்திருப்பவர் அதை மாற்றிக்கொள்ளும்போது, 'அவரிடம் முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது' என்று விட்டுவிடுகிறது. அவ்வாறு விட்டுவிடப்படும் ஒரு செயலையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

பதுளையில் புடைவைக் கடை நடத்தும் நண்பரொருவரிடம் மஸ்டா ஆர்.எக்ஸ்-8 கார் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டியில் ஒருவரிடம் கொடுத்து, மேலதிகமாகச் சில இலட்சங்களும் கொடுத்து, மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றைப் பெற்றுக்கொள்ள அவருக்கு ஆசை. இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார்கள். "இதில மார்க்கத் தடை ஏதும் இருக்கா நானா?" என்பது அவரது கேள்வி. ஒரே சொல்லில் பதில் கூறிவிடலாம்: இல்லை. ஆனால் அந்தப் பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

முதலில் சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஓரினப் பொருள்களைக் கூடுதல் குறைவாக மாற்றிக்கொள்வது வட்டியாகும் என்று தடுக்கப்பட்டவை தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறுமாகும். இத்தடையின் காரணத்தை ஷாபிஈ மத்ஹபினர் நாணயப் பெறுமதி, உணவுத் தன்மை ஆகிய இரண்டில் காண்கின்றனர். மோட்டார் வாகனம் இவ்விரண்டிலும் அடங்காது. எனவே காருக்குக் கார் கொடுத்து மேலே பணமும் கொடுப்பதில் குற்றமில்லை. சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு ஸகாத்தும் இல்லை. முஸ்லிமின் குதிரைக்கு ஸகாத் இல்லை என்ற நபிமொழியே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மேலதிகப் பணத்தை வட்டிக் கடனாகப் பெறாதவரை பத்வாவின் வேலை இங்கு முடிந்துவிடுகிறது.

பத்வா முடியும் இடத்திலும் கேள்வி முடிந்துவிடுவதில்லை. இமாம் கஸ்ஸாலி தமது 'அல்முஸ்தஸ்பா'வில் மனித நலன்களை ழரூராத், ஹாஜாத், தஹ்ஸீனாத் என மூன்று படிகளில் வைக்கிறார். உயிர் வாழ இன்றியமையாதவை, இடரின்றி வாழத் தேவையானவை, வாழ்வை அழகுபடுத்துபவை என்று அவற்றைத் தமிழில் கூறலாம். மூன்றாவது படியும் நலன்தான் என்பதை மனங்கொள்ள வேண்டும். அழகை அவர் வெளியே தள்ளவில்லை, கடைசியில் வைத்தார். எனவே நண்பரின் காரைக் கண்டவுடன் 'இஸ்ராப்' என்று கூவுவது கற்றவர்களின் வழியாகாது.

அல்குர்ஆனும் வாகனத்தின் அழகை மறுக்கவில்லை. ஸூரா அந்நஹ்லின் 8ஆவது வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் அவை படைக்கப்பட்டன என்கிறது. ஏறிச் செல்வது ஒரு பயன், அலங்காரம் மற்றொரு பயன். ஓட்டப் பந்தயமும் நமக்கு அந்நியமானதல்ல. பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளை ஹப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், பயிற்றுவிக்கப்படாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் நபி (ஸல்) அவர்கள் ஓடவிட்டதை இப்னு உமர் (ரழி) அறிவிக்கிறார்கள். இரு வகைக் குதிரைகளுக்கும் இரு வேறு எல்லைகள் வகுக்கப்பட்டிருந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. வேகத்தை விரும்புவது மனித இயல்பு. அதற்கு ஓர் இடமும் ஓர் எல்லையும் கொடுக்கப்பட்டன.

ஆயினும் குதிரை பற்றிய நபிமொழிகளுள் நண்பரின் கேள்விக்கு மிக நெருக்கமாக நிற்பது வேறொன்று. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அந்த அறிவிப்பு, குதிரை ஒருவருக்கு நன்மை, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குச் சுமை என்று மூன்றாகப் பிரிக்கிறது. அல்லாஹ்வின் பாதைக்கென வைத்திருப்பவருக்கு அது நன்மை. தன்மானத்தோடு வாழவும் பிறரிடம் கையேந்தாதிருக்கவும் வைத்து, அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குள்ள உரிமையை மறக்காதிருப்பவருக்கு அது திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் வைத்திருப்பவருக்கு அது சுமை. ஒரே லாயத்தில் நிற்கும் ஒரே குதிரை, வைத்திருப்பவரைப் பொறுத்து மூன்றில் ஒன்றாகிவிடுகிறது.

இதில் 'முதுகின் உரிமை' என்ற சொல் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. நடக்க முடியாதவரை ஏற்றிச் செல்வதும் தேவைப்பட்டவருக்கு இரவல் கொடுப்பதுமே அது என்று விளக்கியோர் உளர். அதாவது வாகனத்தின் முதுகில் உரிமையாளருக்கு முழுப் பங்கும் இல்லை. வழியில் நிற்கும் யாரோ ஒருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதே அறிவிப்பின் தொடர்ச்சியில் கழுதைகளைப் பற்றிக் கேட்கப்படுகிறது. அவற்றைக் குறித்துத் தனியாக எதுவும் இறங்கவில்லை என்றும், அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் என்னும் பொதுவான வசனமே போதும் என்றும் பதில் வருகிறது. கார்களைப் பற்றியும் தனியாக எதுவும் இறங்கவில்லை. ஆகவே நமக்கும் அந்தப் பொதுவான வசனமே எஞ்சுகிறது.

இனி இந்த இரு கார்களையும் அந்தக் கண்கொண்டு பார்ப்போம். ஆர்.எக்ஸ்-8, 2003 முதல் 2012 வரை உற்பத்தியானது. சாதாரணக் கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். இதில் முக்கோண வடிவிலான சுழலிகள் இரண்டு சுற்றும். சுழலியின் முனைகளுக்கு வழுக்கல் தேவைப்படுவதால் எஞ்சின் எண்ணெயில் சிறிதளவு பெட்ரோலுடன் எரியும்படியே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே எண்ணெயை அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களில் அபூர்வமாக இதில் நால்வர் வசதியாக அமரலாம். முன்கதவைத் திறந்தபின் பின்னோக்கித் திறக்கும் சிறிய பின்கதவுகளும் உண்டு. எம்.எக்ஸ்-5, 1989இல் வெளிவந்தது. பாரம் குறைந்தது, வளைவுகளில் லாவகமாகத் திரும்புவது, கூரையைத் திறந்து வைக்கக்கூடியது. இருக்கைகள் இரண்டு மட்டுமே.

நண்பர் தன் காரின் குறைகளை வரிசையாகச் சொன்னார். எண்ணெய்ச் செலவு, பெட்ரோல் செலவு, உதிரிப்பாகங்களுக்குக் கொழும்புக்கு அலைவது என்று நீண்ட அந்த வரிசையின் இறுதியில், "பின் ஸீட்டில ஒரு கறை, போகவே போகுதில்ல" என்றார். எதனால் வந்த கறை என்று விசாரித்தேன். 2022இல் பெட்ரோலுக்கு நாடு வரிசையில் நின்ற காலத்தில் வந்ததாம். அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை அறிமுகமானபோது கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே 20 லீற்றர்தான். அந்த நாட்களில் ஓரிரவு, பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வாடிக்கையாகப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் துணி எடுக்க வரும் குடும்பம். லயத்தில் சிறுமி ஒருத்திக்குக் கடுமையான காய்ச்சல். முச்சக்கர வண்டி எதிலும் பெட்ரோல் இல்லை. நண்பர் தன் வாரப் பங்கில் எஞ்சியிருந்ததைக் கொண்டு போய், பிள்ளையையும் தாயையும் பாட்டியையும் ஏற்றிப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிள்ளை வழியில் வாந்தி எடுத்தது. கறை அதுதான்.

இதைச் சொல்லும்போது அவர் பெருமை பேசவில்லை. காரை மாற்ற வேண்டியதற்கான காரணங்களுள் ஒன்றாகவே அதையும் எண்ணினார். எனக்கோ, அந்தக் கார் தன் முதுகின் உரிமையைச் செலுத்தியதற்கு எஞ்சியிருக்கும் ஒரே ரசீது அதுவாகப் பட்டது. அந்த ரசீதைக் குறையென்று கணக்கெழுதியே மாற்றம் தொடங்குகிறது.

தோட்டப்புறங்களில் வாகனத்தின் முதுகு என்பது இலேசான விடயமல்ல. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, நமுனுகுல, மடுல்சீமை மலைகளில் கோப்பிக் காலத்திலிருந்து தேயிலைக் காலம் வரை பாதைகள் திறக்கப்பட்டது அங்குள்ளோரின் பிரயாணத்துக்காகவல்ல. விளைச்சலை இறக்கவே அவை திறக்கப்பட்டன. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியதும் அதே நோக்கத்தால்தான். அப்பாதைகளை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து லொறியின் பின்புறத்தில்தான் வைத்தியசாலைக்குப் போனார்கள். பிரசவ வேதனையோடு லொறியில் ஏற்றப்பட்ட பெண்களின் கதைகளை மலையக இலக்கியம் படித்தோர் அறிவர். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது பெரும் ஆறுதல். என்றாலும் அம்புலன்ஸ் பிரதான வீதிக்கு வந்து சேரும் வேகத்தில் லயத்து வாசலுக்கு வந்து சேர்வதில்லை. இடையிலுள்ள கற்பாதையை யாரோ ஒருவரின் வாகனம்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

அந்த மலைகளில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வரப் பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபா ஆனது. நண்பர் மேலதிகமாகக் கொடுக்கவிருக்கும் சில இலட்சங்களை அந்தச் சம்பளத்தால் பிரித்துப் பார்க்கும்படி நான் அவரைக் கேட்கவில்லை. எந்தச் செலவையும் அப்படிப் பிரித்துக் குற்றவுணர்வை உண்டாக்கிவிடலாம். அது நியாயமான முறையன்று. அந்த அளவுகோலை மூன்று வேளை சாப்பாட்டுடன் நடக்கும் நமது கலியாணங்களுக்கும், பளிங்கு பதித்த முன்மண்டபங்களுக்கும், ஆண்டுதோறும் மாறும் கைத்தொலைபேசிகளுக்கும் முதலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒருவரின் காருக்கு வைக்க வேண்டும். காரைப் பழிப்பது எளிது, ஏனெனில் கார் வைத்திருப்போர் சிலர். கலியாணத்தைப் பழிப்பது கடினம், ஏனெனில் எல்லா வீட்டிலும் பெண்பிள்ளை இருக்கிறது.

எனவே ஆடம்பரம் என்ற சொல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த மாற்றத்தால் யாருடைய பங்கு குறைகிறது என்று மட்டும் கேட்போம். நான்கு இருக்கைகள் இரண்டாகின்றன. உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் வேன் இருக்கிறது என்றார் நண்பர். நேர்மையான பதில்தான். குடும்பத்தின் பங்கு குறையவில்லை. ஆனால் அன்றிரவு பசறைக்குப் போனது வேன் அல்ல. வேன் காலியான தாங்கியோடு வீட்டில் நின்றது. குறையும் இரண்டு இருக்கைகளும் குடும்பத்துக்கு வெளியேயுள்ள பெயரில்லாத ஒருவருக்குரியவை. அவருக்காகப் பேச மாற்றப் பேச்சில் எவருமில்லை.

இரண்டாவது பங்கு, வீதியில் உள்ளது. "இந்த ரோட்டுக்கெண்டே செஞ்ச மாதிரிக் கார் அது" என்றார் அவர். உண்மைதான்; வளைவுகளே எம்.எக்ஸ்-5இன் இன்பம். ஹப்புத்தளையிலிருந்து பண்டாரவளை, ஹாலிஎல வழியாகப் பதுளைக்கு இறங்கும் பாதை 700 மீற்றருக்கும் மேல் உயரத்தை இழக்கிறது. அதற்கேற்ற வளைவுகள் உண்டு. அதே வளைவுகளில் பாடசாலை விட்ட பிள்ளைகள் வரிசையாக நடக்கின்றனர், கொழுந்துச் சாக்கோடு பெண்கள் வீதியைக் கடக்கின்றனர், மூடுபனி இறங்குகிறது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலையைச் சேர்ந்தோர் சென்ற பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனால் அந்த மலைப்பாதையில் தவறுக்கு எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லும்.

வேகத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம்கூட நம் மாகாணத்தில் உண்டு. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் ஓட்டப்பாதையில் இராணுவத்தின் ஏற்பாட்டில் நடைபெற்றுவந்த பந்தயம் நாடெங்கும் பெயர் பெற்றது. சில வருட இடைவெளியின் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அது மீண்டும் நடந்தபோது கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். எல்லை வகுத்து, நாள் குறித்து, பயிற்சி பெற்றோர் ஓட்டிய இடத்திலேயே வேகத்தின் விலையை வேடிக்கை பார்க்க வந்தவர்களும் செலுத்தினார்கள். எல்லையில்லாத பொதுவீதியில் அது யார் கணக்கில் எழுதப்படும்? வீதியோரம் அமர்வோரிடம்கூட வீதிக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று வேண்டியது நம் மார்க்கம். வீதியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணியதும் அதுவே. நாமே அந்தத் தொல்லையாகிவிடாதிருப்பது அதற்கு முந்திய கடமை.

'நான் வேகமாக ஓட மாட்டேன்' என்று நண்பர் உறுதி கூறலாம். கூறினார். அவ்வாறாயின் இன்னொரு கேள்வி எழுகிறது. வேகமாக ஓடாதவருக்கு, இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் எந்த வகையில் போதாமல் போயிற்று?

இங்கேதான் மாற்றம் என்பதன் சிக்கல் இருப்பதாக நான் நினைக்கிறேன். இல்லாதவரின் ஆசைக்கு ஒரு முடிவு உண்டு; பொருள் கிடைத்ததும் ஆசை நின்றுவிடக்கூடும். மாற்றுபவரின் ஆசை பொருளைப் பற்றியதாக இருப்பதில்லை. அவர் விரும்பிய பொருள் ஏற்கனவே அவர் முற்றத்தில் நிற்கிறது. அவர் விரும்புவது, முதன்முதலாக அதைக் கொண்டுவந்த நாளின் மகிழ்ச்சியை. அந்த மகிழ்ச்சியை எந்தக் காரும் தன்னோடு வைத்துக்கொண்டு வருவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இருந்ததையே வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். பழைய கார்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறிற்று. அக்காலத்தில் நண்பரும் தன் ஆர்.எக்ஸ்-8ஐத் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்தார். அதில் குறை எதையும் அவர் காணவில்லை. கப்பல்கள் வரத் தொடங்கியதும் குறைகள் தெரியத் தொடங்கின. கார் மாறவில்லை, சந்தை மாறிற்று. சந்தை திறந்ததால் தெரியவந்த குறை, காரின் குறையாக இருக்க முடியாது.

ஸூரா அல்ஆதியாத் மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. குளம்பிலிருந்து தீப்பொறி, அதிகாலைத் தாக்குதல், கிளம்பும் புழுதி என்று வேகத்தின் அழகெல்லாம் அதில் வருகிறது. அடுத்த அடியிலேயே மனிதன் தன் இரட்சகனுக்கு நன்றி கெட்டவன் என்றும் செல்வத்தின் மீது கடும் பற்றுடையவன் என்றும் பேச்சுத் திரும்புகிறது. வேகத்தையும் நன்றியின்மையையும் இணைப்பது எது என்று முன்பு நான் வியந்ததுண்டு. குதிரை தனக்குத் தீனியிட்டவனுக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிறது; மனிதனோ தனக்கு அளித்தவனை மறக்கிறான் என்று விளக்கவுரையாளர்கள் தொடர்பு காட்டுவர். கையிலிருக்கும் நிஃமத்தில் குறை தேடும் மனத்தைத்தான் நன்றியின்மை என்கிறோம்.

இதற்காக அழகிய வாகனத்தை வெறுத்தொதுக்க வேண்டும் என்பதில்லை. ஸுலைமான் (அலை) அவர்களின் முன் மாலையில் உயர்ரகக் குதிரைகள் நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி ஸூரா ஸாதில் வருகிறது. அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, கால்களிலும் கழுத்துகளிலும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இரு விளக்கங்கள் உள்ளன. தொழுகையின் நேரம் தவறக் காரணமாயின என்பதால் அறுத்தார்கள் என்பது ஒன்று. அன்போடு தடவிக் கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரழி) வழியாக வரும் மற்றொன்று. இமாம் தபரி இதையே ஏற்புடையதெனக் கண்டார். அறுப்பதும் தடவுவதும் ஒரே வசனத்தின் இரு வாசிப்புகளாக நம் மரபில் அருகருகே நிற்கின்றன. ஆடம்பரத்தைத் துறப்பவருக்கும் அதை நன்றியோடு அனுபவிப்பவருக்கும் இடம் இருக்கிறது. இன்னும் விரைவான குதிரைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்ற மூன்றாவது வாசிப்பு மட்டும் இல்லை.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதிலை இவ்வாறு வகுத்துக்கொள்கிறேன். கார் பழுதாகி, ஓட்டுவது ஆபத்தாகிவிட்டால் மாற்றலாம், தயங்கத் தேவையில்லை. செலவு தாங்க முடியாமற் போனால் மாற்றலாம். ஆனால் அப்போது மேலே பணம் கொடுத்து மாற்றுவது பொருந்தாது. வெறும் விருப்பமே காரணமாயின், விருப்பம் என்று தன்னிடமே ஒப்புக்கொண்டு, எண்ணெய்ச் செலவையும் பின்னிருக்கைக் கறையையும் சாட்சிக்கு இழுக்காமல் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவால் குறைந்துபோகும் முதுகின் பங்கை வேறு வழியில் ஈடுசெய்ய முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்: வேனில் எப்போதும் ஓர் அவசரப் பயணத்துக்கான பெட்ரோல், இரவில் எடுக்கப்படும் தொலைபேசி. வீதியில் வேகம் காட்டும் ஆசை உள்ளே இருந்தால், எந்த ஏற்பாடும் அதை ஆகுமாக்காது.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், அவர் அந்தக் காரை வைத்துக்கொள்வதையே விரும்புவேன். அழகுக்கு அழகும் இருக்கிறது, இருவருக்கு மேல் ஏறவும் இடம் இருக்கிறது. இவ்வளவு வேகமான காரில் இந்த இரண்டும் சேர்ந்திருப்பது அபூர்வம்.

நபி (ஸல்) அவர்களிடம் அழ்பா என்ற ஒட்டகம் இருந்தது. எதுவும் அதை முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. அதை உணர்ந்த நபியவர்கள், இவ்வுலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொன்னார்கள். புகாரியில் வரும் அறிவிப்பு அத்துடன் முடிகிறது. கிராமவாசியின் ஒட்டகத்துக்கு விலை பேசப்பட்டதாக அதில் இல்லை.